கூடவே வரும் இரண்டாவது திரை: லேப்டாப்புக்குப் போர்ட்டபிள் மானிட்டர் வாங்குவது எப்படி?

லண்டனில் லேப்டாப்பை வைத்துப் பிழைக்கும் தமிழர்கள் பலருக்கு வேலைக்கென்று தனி அறை கிடையாது. ஈஸ்ட் ஹாமில் வீட்டைப் பகிர்ந்துகொண்டு முதுகலை படிக்கும் மாணவிக்குக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை. வெம்பிளியில் குடும்பத்தோடு இருப்பவருக்குச் சாப்பாட்டு மேசையே அலுவலகம். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் அதைக் காலி செய்தாக வேண்டும். க்ராய்டனிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் சிட்டிக்குப் போய்வருபவருக்கு அங்கே நிரந்தர இருக்கை இல்லை, அன்றன்று காலியாக இருக்கும் மேசைதான். ஒரு பக்கம் கணக்குத் தாள், மறு பக்கம் மின்னஞ்சல். ஒரு பக்கம் ஆய்வுக் கட்டுரை, மறு பக்கம் எழுதும் பக்கம். இப்படி வேலை பார்க்க வேண்டியவர்களுக்கு லேப்டாப்பின் ஒற்றைத் திரை போதுவதில்லை. மடித்துப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய போர்ட்டபிள் மானிட்டர் இவர்களுக்காக வந்ததுதான்.

ஆனால் வாங்கியவர்களில் பலர் இரண்டே வாரத்தில் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் திரையில் குறை இருக்காது. லேப்டாப்பின் போர்ட் படம் அனுப்பாது, அல்லது கேபிள் சரியாக இராது, அல்லது மேசையில் இடம் இராது. ஆகவே இந்த அத்தியாயத்தின் வரிசையும் அதுதான்: முதலில் போர்ட், அடுத்து கேபிள், மின்சாரம், மேசை. திரையின் தரத்தை அதற்குப் பிறகு பார்ப்போம்.

வாங்கத்தான் வேண்டுமா?

ஒரே இடத்தில், ஒரே மேசையில்தான் வேலை என்றால் போர்ட்டபிள் மானிட்டர் வேண்டாம். சாதாரண 24 அங்குல மானிட்டரே வாங்குங்கள். 15.6 அங்குலத் திரையைவிட அது பரப்பில் இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. கண் உயரத்துக்கு நிற்கும். விலையும் பெரும்பாலும் ஒத்துவரும். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மானிட்டர்கள் இன்னும் மலிவு.

வீட்டில் ஐபேடும் மேக்கும் இருந்தால் காசு செலவழிக்கும் முன் சைட்கார் வசதியை முயன்று பாருங்கள். 2019-இல் மேக் ஓ.எஸ். கேட்டலினாவோடு வந்த இந்த வசதி ஐபேடை மேக்கின் இரண்டாவது திரையாக்கும். ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு கருவியிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும். அலுவலகம் தன் கணக்கோடு கொடுத்த மேக்கில் உங்கள் சொந்த ஐபேட் அதனாலேயே சேராமல் போகலாம். சாம்சங்கின் உயர்ரக டேப்லெட்டுகளில் விண்டோஸ் லேப்டாப்புக்கு இதே போன்ற வசதி இருக்கிறது.

போர்ட்டபிள் மானிட்டர் யாருக்குப் பொருந்தும்? இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் வேலை பார்ப்பவருக்கு, வேலை முடிந்ததும் மேசையை ஒழித்துத் தர வேண்டியவருக்கு, சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்ச் சில வாரம் அங்கிருந்தும் வேலையைத் தொடர்பவருக்கு. இந்த மூன்றில் ஒன்றில் நீங்கள் இருந்தால் மேலே படியுங்கள்.

போர்ட்டைப் பாருங்கள்

லேப்டாப்பை மூடுங்கள். ஜன்னல் வெளிச்சம் படும்படி அதன் பக்கவாட்டைத் திருப்பிப் பிடியுங்கள். முனைகள் வளைந்த சிறிய நீள்வட்டத் துளை தெரிகிறதா? அதுதான் யூ.எஸ்.பி-சி. இப்போது துளையை விட்டுவிட்டு, அதன் ஓரத்தில் பொடியாகப் பொறித்திருக்கும் குறியைப் பாருங்கள். கீழ்முனை அம்பாகக் கூர்ந்த மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட். படமும் போகும், தரவும் போகும். 'டி', 'பி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பிணைத்தது போன்ற குறி இருந்தால் அது டிஸ்ப்ளேபோர்ட்; அதுவும் படம் அனுப்பும். பேட்டரி அல்லது பிளக் குறி மட்டும் இருந்தால் அது சார்ஜ் ஏற்றுவதற்கு என்றே பொருள். படம் போகுமா என்பதை அது சொல்லாது. மூன்று கிளையாகப் பிரியும் யூ.எஸ்.பி குறி மட்டும் இருந்தால் தரவு போகும், படம் போகும் என்ற உறுதி இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் இதுதான். யூ.எஸ்.பி-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. அந்த வடிவம் 2014-இல் வந்தபோதே அதன் வழியாகப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற முறையும் வந்துவிட்டது. ஆனால் அதைச் சேர்ப்பதும் விடுவதும் லேப்டாப் செய்பவர் விருப்பம். மலிவு விலை லேப்டாப்புகளில் அதை விட்டுவிடுவது சாதாரணம். குறி எதுவும் இல்லையென்றால் அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் விவரப் பட்டியலில் 'டிஸ்ப்ளேபோர்ட்' அல்லது 'தண்டர்போல்ட்' என்ற சொல் யூ.எஸ்.பி-சி வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். மேக்புக்குகளில் குறி இராது, அவற்றின் யூ.எஸ்.பி-சி போர்ட்டுகள் பெரும்பாலும் படம் அனுப்பும்.

உங்கள் போர்ட் படம் அனுப்பும் என்றால் ஒரே கேபிளில் வேலை முடிந்தது: படமும் அதிலேயே, மானிட்டருக்கு வேண்டிய மின்சாரமும் அதிலேயே. அனுப்பாது என்றால் இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி எச்.டி.எம்.ஐ. பெரும்பாலான போர்ட்டபிள் மானிட்டர்களில் மினி எச்.டி.எம்.ஐ போர்ட் உண்டு. ஒரு முனை முழு அளவிலும் மறுமுனை மினி அளவிலும் உள்ள கேபிள் வேண்டும். எச்.டி.எம்.ஐ வழியாக மானிட்டரை இயக்கும் அளவுக்கு மின்சாரம் வராது. எனவே மின்சாரத்துக்கு இன்னொரு கேபிள் தேவை. மேசையில் இரண்டு கம்பி ஓடும், அவ்வளவுதான். படத்தில் குறை இராது.

இரண்டாவது வழி டிஸ்ப்ளேலிங்க். பழைய செவ்வக யூ.எஸ்.பி போர்ட்டிலிருந்தே படம் எடுக்கும் முறை இது. இதற்கு லேப்டாப்பில் தனி மென்பொருள் நிறுவ வேண்டும். அலுவலக லேப்டாப்பில் அதற்கு ஐ.டி. பிரிவின் அனுமதி வேண்டியிருக்கும். பல இடங்களில் கிடைக்காது. மேக்கில் இந்த மென்பொருள் திரையைப் பதிவு செய்யும் அனுமதியைக் கேட்கும்; அது இயங்கும்போது சில படத் தளங்கள் படம் காட்டாது. எழுத்து வேலைக்கும் கணக்குத் தாளுக்கும் இது போதும். வீடியோ வேலைக்கு வேண்டாம்.

மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எம்1, எம்2 சில்லு உள்ளவை ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஏற்கும். 2024-இல் வந்த எம்3, மூடியை மூடி வைத்தால் இரண்டை ஏற்கும். 2025-இல் வந்த எம்4 மூடி திறந்திருக்கும்போதே இரண்டை ஏற்கும். வீட்டில் ஏற்கெனவே பெரிய மானிட்டரை மாட்டியிருக்கும் எம்1 ஏரில் போர்ட்டபிள் மானிட்டரையும் சேர்த்து மாட்ட முடியாது. அதற்கு டிஸ்ப்ளேலிங்க்தான் வழி.

லேப்டாப் இல்லாமல் ஃபோனை மட்டும் இணைத்து வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு: சாம்சங் 2017-இல் கேலக்ஸி எஸ்8 ஃபோனோடு டெக்ஸ் வசதியைக் கொண்டுவந்தது. உயர்ரக கேலக்ஸி ஃபோன்களில், மானிட்டரை மாட்டியதும் கணினி போன்ற முகப்பு திறக்கும். 2023-இல் வந்த ஐபோன் 15-இலும் யூ.எஸ்.பி-சி வழியாகப் படம் வெளியே வரும். ஆனால் ஃபோன் திரையின் நகல்தான் பெரிதாகத் தெரியும்.

கேபிள்: பத்தில் ஒன்பது சிக்கல் இதில்தான்

மானிட்டரை மாட்டுகிறீர்கள், விளக்கு எரிகிறது, 'சிக்னல் இல்லை' என்று வந்து அணைந்துவிடுகிறது. மானிட்டர் பழுது என்று உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கையில் இருப்பது ஃபோனோடு வந்த சார்ஜ் கேபிளா என்று பாருங்கள்.

யூ.எஸ்.பி-சி முனையில் 24 ஊசிகளுக்கு இடம் உண்டு. ஃபோனோடு வரும் கேபிளில் பெரும்பாலும் மின்சாரத்துக்கும் மெதுவான தரவுக்கும் வேண்டிய கம்பிகள் மட்டுமே உள்ளே ஓடுகின்றன. படத்தைக் கொண்டுபோகும் வேகக் கம்பிகள் அதில் இல்லை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு கேபிளும் ஒன்றுபோலவே இருக்கும். எல்லாக் கம்பியும் உள்ள கேபிள் சற்றுத் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும் என்பதே கைக்குத் தெரியும் வித்தியாசம். கடையில் வாங்கும்போது உறையில் 'வீடியோ', 'டிஸ்ப்ளே' என்றோ, 20 அல்லது 40 ஜிகாபிட் வேகம் என்றோ அச்சிட்டிருக்க வேண்டும். 60 வாட், 100 வாட் என்று மின்சார அளவை மட்டும் போட்டிருக்கும் கேபிளை நம்ப வேண்டாம்.

நீளம் ஒரு மீட்டர் போதும். நீளம் கூடக் கூட நல்ல கேபிளின் விலையும் கூடும், சிக்னலும் தடுமாறும். மானிட்டரோடு வரும் கேபிளில் முதல் நாளே வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். நாலு பேர் சார்ஜ் போடும் வீட்டில் அது இன்னொருவர் படுக்கையருகே போய்விட்டால், அடுத்த நாள் அலுவலகத்தில் மானிட்டர் இருந்தும் பயனில்லை.

மின்சாரம் எங்கிருந்து?

போர்ட்டபிள் மானிட்டருக்குப் பெரும்பாலும் சொந்த பேட்டரி இல்லை. லேப்டாப்பின் பேட்டரியிலிருந்துதான் உறிஞ்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பின் பேட்டரி 56 வாட்-மணி. எழுத்து வேலையில் அது 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். 8 வாட் மானிட்டரை மாட்டினால் மொத்தம் 18 வாட். பேட்டரி மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் நேரம் கொஞ்சம் கூடும்.

இந்தக் காரணத்தால் மானிட்டரில் யூ.எஸ்.பி-சி போர்ட் இரண்டு இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். சார்ஜரை மானிட்டரின் ஒரு போர்ட்டில் மாட்டி, மற்றதிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் போட்டால், மின்சாரம் மானிட்டர் வழியாக லேப்டாப்புக்குப் போகும். படம் அதே கேபிளில் திரும்பி வரும். ஒரே ஒரு யூ.எஸ்.பி-சி உள்ள லேப்டாப்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மானிட்டர் எத்தனை வாட் வரை கடத்தும் என்பதைப் பெட்டியில் பாருங்கள். 65 வாட் சார்ஜரில் மானிட்டர் தன் பங்கை எடுத்ததுபோக மிச்சம் லேப்டாப்புக்குப் போகும். அலுவலக லேப்டாப்புக்கு அது போதும்.

சார்ஜரை மட்டும் மலிவாக வாங்கிவிடாதீர்கள். இங்கே பிளக் பி.எஸ். 1363 தரத்துக்கு உட்பட்டது. பேர் தெரியாத விற்பனையாளரின் சார்ஜர் தீ விபத்து வரை கொண்டுபோகலாம்.

வெளியே வேலை பார்ப்பவர்கள் கவனிக்க: எலிசபெத் லைன் ரயில்களிலும் பாதாள ரயில்களிலும் சார்ஜ் போட சாக்கெட் கிடையாது. விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டிக்குள் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி, 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணி என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதை எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் 2025-இல் தடை செய்துவிட்டன. கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

மேசையை அளந்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள்

அளவுநாடாவை எடுங்கள். 15.6 அங்குலத் திரையின் அகலம் 34.5 சென்டிமீட்டர், சட்டத்தோடு சேர்த்தால் 36 வரை வரும். அதே அளவு லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தால் 72 சென்டிமீட்டர் வேண்டும். 14 அங்குலத் திரை 31 சென்டிமீட்டர். 14 அங்குல லேப்டாப்போடு சேர்ந்து 64 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். காபிக் கடையின் இருவர் மேசை பெரும்பாலும் 60 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ரயில் இருக்கையின் முதுகில் மடிந்து விரியும் தட்டில் லேப்டாப் ஒன்றே நிற்கச் சிரமம். அங்கே இரண்டாவது திரையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

மேசை அகலம் குறைவு, ஆழம் இருக்கிறது என்றால் மானிட்டரை லேப்டாப்புக்கு மேலே வருமாறு பின்னால் உயர்த்தி வைக்கலாம், அகலம் மிச்சம். நீளமாக எழுதுபவர்களும் நிரல் எழுதுபவர்களும் மானிட்டரை நட்டக்குத்தலாக நிறுத்தினால் ஒரு முழுப் பக்கம் கண்ணுக்குத் தெரியும். அதற்குத் தாங்கி அனுமதிக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையின் விகிதமும் முக்கியம். 16:9 திரை படம் பார்க்க ஏற்றது. 16:10 திரையில் உயரம் கூடுதல். கணக்குத் தாளில் இன்னும் சில வரி தெரியும், ஆவணத்தில் இன்னும் ஒரு பத்தி தெரியும். வேலைக்கு வாங்குபவர்கள் 16:10 கிடைத்தால் அதையே எடுங்கள்.

எடை என்றால் மானிட்டர் மட்டுமல்ல. உறை, தாங்கி, கேபிள், சார்ஜர் எல்லாம் சேர்ந்தது. மானிட்டர் மட்டும் 14 அங்குலம் 600 கிராம் சுற்றியும், 15.6 அங்குலம் 700 முதல் 900 கிராம் வரையும் இருக்கும். ஒன்றேகால் கிலோ லேப்டாப்போடு இதையும் சுமந்து பாங்க் ஸ்டேஷன் படிகளில் தினமும் ஏறி இறங்குபவருக்கு இந்த 300 கிராம் வரையிலான வித்தியாசம் தோளில் தெரியும்.

திரையின் தரம்: தமிழ் எழுத்தை வைத்துச் சோதியுங்கள்

கூர்மையை அளப்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பது. 15.6 அங்குலத்தில் 1920×1080 என்றால் அங்குலத்துக்கு 141 புள்ளி. 14 அங்குலத்தில் அதுவே 157. 16 அங்குலத்தில் 2560×1600 என்றால் 189. விண்டோஸில் எழுத்து வேலைக்கு 141 போதும். மேக் ஓ.எஸ். 2018 முதல் எழுத்தின் ஓரத்தை மெருகேற்றும் முறையை மாற்றிவிட்டதால், புள்ளி குறைந்த திரையில் எழுத்து சற்று மங்கலாகத் தெரியும். மேக்காரர்கள் முடிந்தால் 2560×1600 திரைக்குப் போகலாம். சிறிய திரையில் 4கே தேவையில்லை. விலையும் மின்செலவும் கூடும், எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கப் போகிறீர்கள்.

ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துத் திரையை முடிவு செய்யாதீர்கள். தமிழில் படிப்பவர்கள், எழுதுபவர்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துபவர்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு தமிழ்ப் பத்தியை 11 புள்ளி அளவில் திறந்து, வழக்கமான தூரத்தில் உட்காருங்கள். 'ண', 'ன' சுழிகள் எண்ண முடிகிறதா? 'ர' என்ற எழுத்தும் துணைக்காலும் பிரிந்து தெரிகின்றனவா? 'க்', 'ங்', 'ஞ்' ஆகியவற்றின் மேல் உள்ள புள்ளி வட்டமாக நிற்கிறதா, அல்லது எழுத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு கறையாகத் தெரிகிறதா? 'கி'க்கும் 'கீ'க்கும் உள்ள வித்தியாசம், அதாவது மேல்விலங்கின் முனையில் உள்ள அந்தச் சிறு சுழி, உற்றுப் பார்க்காமலே தெரிய வேண்டும். இவை தெளிவாக இருந்தால் அந்தத் திரையில் எட்டு மணி நேரம் படிக்கலாம். தெரியவில்லை என்றால் விண்டோஸில் அளவை 125 சதவீதமாக்கிப் பாருங்கள். அப்போதும் மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஓ.எல்.இ.டி திரைகள் சிலவற்றில் எழுத்தின் ஓரத்தில் லேசான வண்ணக் கோடு தெரியும். படத்துக்கு அழகான அந்தத் திரை பத்திக்கணக்கில் படிக்கும் கண்ணுக்கு ஒத்துவருகிறதா என்று இதே சோதனை சொல்லிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

ஐ.பி.எஸ். வகைத் திரையே எடுங்கள். டி.என். வகையில் பக்கத்திலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறும். நட்டக்குத்தலாக நிறுத்தினால் பயன்படவே படாது.

வெளிச்சம் நிட்ஸ் என்ற அளவில் வரும். அறைக்குள் 250 முதல் 300 நிட்ஸ் போதும். ஜன்னல் ஓரத்தில் உட்காருபவருக்கு 400 நல்லது.

மேற்பரப்பு பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்கட்டும். கண்ணாடிபோல் மின்னும் திரையில் பின்னால் உள்ள விளக்கெல்லாம் தெரியும்.

'4கே ஏற்கும்' என்பதும் '4கே திரை' என்பதும் வேறு. முன்னது 4கே சிக்னலை வாங்கிச் சுருக்கிக் காட்டும். விவரத்தில் 'நேட்டிவ்' அளவு என்ன என்று பாருங்கள். 250 நிட்ஸ் திரையில் 'எச்.டி.ஆர்.' என்று ஒட்டியிருந்தால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். வேசா அமைப்பின் டிஸ்ப்ளே எச்.டி.ஆர். தரச்சான்றின் அடிமட்டமே 400-இல்தான் தொடங்குகிறது.

நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வேலை, அதாவது புகைப்படம், வடிவமைப்பு, துணி வியாபாரம், உங்களுடையது என்றால் எஸ்.ஆர்.ஜி.பி. 100 சதவீதம் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். மற்றவர்களுக்கு இது தேவையில்லை.

தொடுதிரைக்கு விலை கூடும். மேக்கில் அது பெரும்பாலும் வேலை செய்யாது. உள்ளே இருக்கும் ஸ்பீக்கரை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

தாங்கியும் கழுத்தும்

மலிவு மானிட்டர்களில் தாங்கி என்பது மடிப்பு உறைதான். காந்தத்தில் ஒட்டி, மடித்து நிறுத்த வேண்டும்; மேசை ஆடினால் சரியும், கோணமும் ஒன்று இரண்டுதான். பின்னால் உலோகத் தாங்கி இணைந்தே வரும் மாடல்கள் உறுதி. லெனோவோவின் திங்க்விஷன் எம்14 இந்த வகை. 14 அங்குலம், இரண்டு பக்கமும் யூ.எஸ்.பி-சி. சில மானிட்டர்களில் கேமரா முக்காலியின் திருகு துளை அல்லது 75 மில்லிமீட்டர் வேசா துளைகள் இருக்கும். வீட்டில் 'மானிட்டர் ஆர்ம்' எனும் தாங்கு கையை மேசையில் பொருத்தி மானிட்டரை உயர்த்திக்கொள்ள அது உதவும்.

உயரம் ஏன் முக்கியம்? திரையின் மேல் விளிம்பு ஏறத்தாழக் கண் மட்டத்துக்கு வர வேண்டும். மேசையில் அப்படியே நிற்கும் போர்ட்டபிள் மானிட்டர் அதைவிட ஒரு சாண் கீழே இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தால் கழுத்தும் தோளும் வலிக்கும். ஒருமணி நேரத்துக்கு மேல் உட்காரும் இடத்தில் லேப்டாப்பையும் மானிட்டரையும் தடித்த புத்தகங்களின் மேலாவது உயர்த்தி, தனிக் கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரின் விலையில் கால் பங்கை இதற்கு ஒதுக்கினாலும் தகும்.

வேலை கொடுத்தவரிடம் முதலில் கேளுங்கள்

பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டின் திரைக்கருவிப் பாதுகாப்பு விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. நாள்தோறும், தொடர்ந்து ஒரு மணி நேரமாவது திரையில் வேலை பார்க்கும் ஊழியரின் பணியிடத்தை முதலாளி மதிப்பிட்டு, உடல்நலக் கேடு வராமல் குறைக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரும், பாதி வீடு பாதி அலுவலகம் என்று இருப்பவரும் இதில் அடங்குவர். ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைச் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும். உங்களுக்குப் போர்ட்டபிள் மானிட்டரே வாங்கித் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தில் கழுத்து வலியையும் சின்ன மேசையையும் எழுதிக் கொடுத்தால், தேவையான கருவியைக் கொடுத்து உதவும் நிறுவனங்கள் நிறைய. நம்மவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுச் சொந்தக் காசில் வாங்கிவிடுகிறோம். கேளுங்கள்; அது சலுகை இல்லை, உங்கள் உடம்பு சம்பந்தப்பட்ட விதி.

சொந்தக் காசில் வாங்கினாலும், அலுவலக லேப்டாப்பில் வெளி மானிட்டரை மாட்டலாமா என்று ஐ.டி. பிரிவிடம் ஒரு வரி எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் இதை வேலைச் செலவாகக் கணக்கில் காட்டலாம். வீட்டு உபயோகமும் உண்டு என்றால் வேலைக்கான பங்கை மட்டும். பொது இடத்தில் மருத்துவக் குறிப்பையோ வாடிக்கையாளர் கணக்கையோ இரண்டாவது திரையில் திறக்க வேண்டாம். லேப்டாப் திரை உங்களைப் பார்த்திருக்கும். இரண்டாவது திரை பக்கத்து மேசைக்காரருக்கும் தெரியும்.

எங்கே, எப்படி வாங்குவது?

கர்ரிஸ், ஜான் லூயிஸ், ஆர்கோஸ் ஆகியவற்றில் சில மாடல்கள் கிடைக்கும். பெரிய தேர்வு இணையத்தில்தான். ஏசுஸின் ஜென்ஸ்க்ரீன் வரிசை, லெனோவோவின் திங்க்விஷன் எம் வரிசை, எல்.ஜி. கிராம் ப்ளஸ் வியூ, வியூசோனிக், டெல் ஆகியவை நிலைத்த பெயர்கள். ஆர்சோபா போன்ற புதிய பெயர்கள் விலையில் பாதிக்கு வரும்; திரை பெரும்பாலும் குறை சொல்ல முடியாதபடி இருக்கும், தாங்கியிலும் கேபிளிலும் சிக்கனம் தெரியும்.

பிரிட்டனில் சட்டம் வாங்குபவர் பக்கம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். ரத்து செய்த பிறகு அனுப்பிவைக்க இன்னொரு 14 நாள் உண்டு. கடைக்குள் போய் வாங்கியதற்கு இந்த உரிமை இல்லை. அங்கே கடையின் சொந்த விதிதான். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பின்னும், ஆறு மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால் அது வாங்கும்போதே இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. விலை 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் வாங்குங்கள்: 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் உங்களுக்குப் பொறுப்பாக்குகிறது. இந்த உரிமைகளை வெளிநாட்டில் இருக்கும் விற்பனையாளரிடம் நிலைநாட்டுவது கடினம். பொருள் எங்கிருந்து வருகிறது, விற்பவர் பிரிட்டனில் முகவரி உள்ளவரா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முதல் 14 நாள் சோதனை

பெட்டியையும் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். வந்த வாரமே இவற்றைச் செய்து முடியுங்கள்:

1. யூ.எஸ்.பி-சி, எச்.டி.எம்.ஐ இரண்டு வழியிலும் மாட்டிப் பாருங்கள். விண்டோஸ் விசையோடு ஆங்கில 'பி' விசையை அழுத்தினால் திரையை நீட்டுவதா, நகலெடுப்பதா என்று கேட்கும்.
2. முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்புப் படங்களைத் திரை நிறையத் திறந்து, செத்த புள்ளி இருக்கிறதா, இருட்டில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள்.
3. மேலே சொன்ன தமிழ்ப் பத்திச் சோதனை.
4. சார்ஜரை மானிட்டர் வழியாக மாட்டி, லேப்டாப்புக்கு சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள்.
5. லேப்டாப்பை மூடித் திறந்து, தூக்கத்திலிருந்து எழும்போது மானிட்டரும் தானாக எழுகிறதா என்று பாருங்கள்.
6. நீங்கள் வேலை பார்க்கும் எல்லா இடத்துக்கும் ஒருமுறை எடுத்துப் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தோளும் மேசையும் சொல்வதைக் கேளுங்கள்.

இவற்றில் ஒன்று தவறினாலும் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். அதே வேளையில், கடையில் பார்ப்பது போல் அளவாகப் பயன்படுத்திப் பாருங்கள். கீறல் விழும்படி உழைத்துவிட்டால் தொகையில் கழிக்க விற்பவருக்கு உரிமை உண்டு.

முடிவாக

லண்டனில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே அலையும் பெரும்பாலோருக்கு என் பரிந்துரை இது: 14 அங்குலம், ஐ.பி.எஸ்., மேட் மேற்பரப்பு, 1920×1080 அல்லது 1920×1200, 300 நிட்ஸ், இரண்டு யூ.எஸ்.பி-சி போர்ட், பின்னால் இணைந்த உலோகத் தாங்கி. வீட்டுக்குள்ளேயே அறைக்கு அறை மாறுபவர்கள் 16 அங்குலம் எடுக்கலாம். மேக்காரர்கள் 2560×1600 பார்க்கட்டும். இதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டும் உங்கள் தொழிலுக்குத் தேவையா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். எதை வாங்குவதானாலும், பணம் கட்டும் முன் லேப்டாப்பைத் திருப்பி அந்தப் போர்ட்டின் குறியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.